தண்ணீர் கேட்காத செடிகள்

“எல்லாம் காஞ்சுபோச்சும்மா. வெயில் தாங்கும்னுதானே பாத்துப் பாத்து வாங்கினேன்.”

உலகநாதன் ஆசிரமத்தின் முன்முற்றத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். காலடியில் வரிசையாகக் குச்சிகள். அரளி, ஆவாரை, காகிதப்பூ என்று வாங்கி வந்தவை. இப்போது எது என்னவென்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

சங்கரி அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்துக்குத் தலைவி அவர்தான். உலகநாதனைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் அவர் முன்னால் உலகநாதனுக்குக் குரல் தாழ்ந்துதான் வரும்.

அங்கே ஒரு வழக்கம். குடும்பஸ்தர் யாராவது காவி கேட்டு வந்தால் முற்றத்தில் ஒரு பாத்தி வைக்க வேண்டும். பிறகு மனைவி நேரில் வந்து, தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் காவி. சொல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

முற்றத்தில் காலையில் விழுந்த வெயில் சாயங்காலம்வரை நகராது. மற்றவர்கள் மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துவிட்டுக் குடமும் கையுமாக அல்லாடியதை உலகநாதன் பார்த்திருந்தார். தான் அவ்வளவு அசடு இல்லை என்று அவருக்கு நினைப்பு. நர்சரிக்காரரைக் குடைந்தெடுத்து, ஆடு கடிக்காதது, பூச்சி அண்டாதது, தண்ணீர் கேட்காதது என்று பொறுக்கிப் பங்குனியில் நட்டார். நட்ட கையோடு காசி யாத்திரைக்குக் கிளம்பிவிட்டார்.

பற்றில்லாதவனுக்கு ஏற்ற தோட்டம் என்று போகும்போது பெருமை வேறு பேசினார். ஒருவர் பாத்தியில் இன்னொருவர் கை வைப்பதில்லை என்பதும் அங்கே வழக்கம்தான்.

“நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்,” என்றார்.

அம்மா தலை நிமிரவில்லை.

“ஒண்ணைப் பிடுங்குங்க.”

பிடுங்கினார். சிரமமே இல்லாமல் வந்தது. வேர் நர்சரிப் பையில் எப்படி இருந்ததோ அப்படியே உருண்டையாக இருந்தது. சுற்றியிருந்த மண்ணுக்குள் ஒரு நூல்கூடப் போகவில்லை.

“இப்ப அதைப் பிடுங்குங்க.”

மதில் ஓரத்து அரளியைக் காட்டினார். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, அந்த வெயிலிலும் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. உலகநாதன் இரண்டு கையாலும் பற்றி இழுத்துப் பார்த்தார். கையோடு நாலு இலைதான் வந்தது.

“இதுக்கு யாரும்மா தண்ணி ஊத்துறது?”

“யாரும் ஊத்துறதில்ல.”

“அப்படி ஒண்ணைத்தானே நானும் தேடினேன்.”

“நட்ட வருஷம் நான் ஊத்தினேன். கோடை முழுக்க ஊத்தினேன். அப்ப இதுவும் உங்க குச்சி மாதிரிதான். ஒரு நாள் விட்டாத் தலை தொங்கிப்போகும்.”

“இப்ப?”

“இப்ப நான் ஊத்தினாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டியும் ஒண்ணுதான்.”

உலகநாதனுக்குச் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. இன்றைக்குத்தான் காவி வாங்கும் நாள். பாத்தி போனதோடு அதுவும் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. தயங்கித் தயங்கிக் கேட்டார். செடி செத்தால் மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்றார் அம்மா.

“வீட்டம்மா வர்றாங்களா?”

“பஸ் ஏறிட்டாளாம்.” உலகநாதன் முகம் தெளிந்தது. “அவளால ஒரு சிக்கலும் வராதும்மா. பூரணத்துக்கு என்கிட்ட எதுவும் வேண்டியதில்ல. இது வேணும், அது வேணும்னு வாயைத் திறந்ததே இல்ல.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமே அப்படித்தான்.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் வடக்கே உருக்காலை வேலைக்கு ரயிலேறினார். பூரணத்தைத் தன் தாயாரும் அண்ணன்மாரும் இருந்த பெரிய வீட்டில் விட்டுவிட்டுப் போனார். தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி அவள் கேட்டாள். ரயில் நிலையத்தில், எல்லோர் முன்னாலும், வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவள் சமாளித்துக்கொள்வாள் என்று அண்ணிகளிடம் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்.

சமாளித்தாள். முதல் குழந்தை தங்காமல் போனபோது தந்தி வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று இருந்துவிட்டார். கிடைக்கவில்லையா, கேட்கவே இல்லையா? இத்தனை காலம் கழித்து இப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

ஒருவழியாக ஊர் திரும்பியபோது வீடு, வாசல், வரவு, போக்கு எல்லாம் பூரணத்தின் கையில் இருந்தது. எதற்கும் அவரைத் தேடவில்லை. தொந்தரவில்லாத மனைவி, கொடுத்துவைத்தவன் என்று ஊர் சொன்னது. அவரும் அப்படித்தான் நம்பினார். பாவி மனுஷன், அதைத் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொண்டார்.

பூரணம் வந்தாள். ஆசிரமத்துக்கென்று ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள். முற்றத்தைக் கடக்கும்போது குச்சிகளைப் பார்த்து, இந்த வெயிலில் நட்டுவிட்டு யார் இப்படிப் போட்டது என்று கேட்டாள்.

அம்மா அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தார். வழக்கத்தை விளக்கினார். மனசுக்குள் ஏதாவது இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், ஒரு கட்டாயமும் இல்லை என்றார்.

“அவர் போகட்டும்மா,” என்றாள் பூரணம். “மனசாரத்தான் சொல்றேன். எனக்கு ஒரு குறையும் இல்ல.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உள்ளே போய்க் காவித் துணியை எடுத்துவந்து உலகநாதனிடம் நீட்டினார்.

உலகநாதனுக்குக் கை எழவில்லை.

“பூரணம்.” அவள் பக்கம் திரும்பினார். “எனக்காகச் சொல்லாத. நெஜத்தைச் சொல்லு. உனக்கு நான் எதுக்காவது வேணுமா?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட மனிதருக்கு மரியாதை கொடுத்து, பூரணம் நிதானமாக யோசித்துப் பார்த்தாள்.

“இப்ப இல்லைங்க,” என்றாள். “அப்ப ரொம்ப வேண்டியிருந்துச்சு.”