ஐம்பது ஓட்டை போட்ட ஓலை

காட்டு ஏரிக்கரையில் ஒரு கூழைக்கடாப் பறவை கடை வைத்திருந்தது. ஒரு கிழங்கோ ஒரு கொத்துப் பழமோ கொடுத்தால் ஒரு தேங்காய்ச் சில்லு கொடுக்கும்.

ஒருநாள் செவ்வந்தி என்ற முயல் அந்தப் பக்கம் போனது. கூழைக்கடா ஒரு பனையோலையை நீட்டியது.

"முயலக்கா! ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் இதுல ஒரு ஓட்டை போடுவேன். ஐம்பது ஓட்டை சேர்ந்தா, என் அலகுப் பையில உட்கார வெச்சு வானத்துல கூட்டிட்டுப் போவேன். இலவசமா!"

"இலவசமாவா!"

செவ்வந்தியின் காதுகள் விறைத்து நின்றன. புதருக்கு மேலே உலகம் எப்படி இருக்கும் என்று அது பார்த்ததே இல்லை.

தேங்காய் அதற்குப் பிடிக்காது. ஆனாலும் தினமும் வாங்கியது. வளை வாசலில் மண்டிக் கிடந்த அருகம்புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்காலத்துக்காக வளையில் சேர்த்த கிழங்குகள் ஒவ்வொன்றாகக் கடைக்குப் போயின.

"மழை வந்தா பிள்ளைங்களுக்கு என்ன குடுப்ப?" என்று கேட்டது அதன் துணையான ஆண் முயல்.

"இன்னும் பன்னிரண்டே ஓட்டைதான்! இப்போ விட்டா இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் வீண்!"

ஐம்பதாவது ஓட்டையும் விழுந்தது. செவ்வந்தி அலகுப் பைக்குள் ஏறிக்கொண்டது.

"அண்ணே, மலை உச்சிக்குப் போகலாமா?"

"மலைக்கா? இந்த ஓலைக்கு ஏரி நடுவுல இருக்கிற தீவு மட்டும்தான்!"

கூழைக்கடா மேலே பறந்தது. செவ்வந்தி ஒரு மேகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் தீவு வந்துவிட்டது. முயலை இறக்கிவிட்டு, கூழைக்கடா இறக்கையை விரித்தது.

"என்னை விட்டுட்டுப் போறீங்களே!"

"திரும்பி வர இன்னொரு ஐம்பது ஓட்டை வேணுமே!"

"ஐயோ! இதை நீங்க சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்கவே இல்லையே!"

கூழைக்கடா பறந்து போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர். பாறையும் நாவல் மரமும் தவிரத் தீவில் ஒரு புல்கூட இல்லை. அக்கரையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"முயலா! இங்கேயா!" நாவல் மரத்திலிருந்த குரங்கு திகைத்துப்போய்க் கீழே குதித்தது. அதன் கையில் ஐம்பது ஓட்டையும் நிறைந்த இரண்டு ஓலைகள் இருந்தன.

"உங்களுக்கு மட்டும் எப்படி ரெண்டு?" என்று விம்மியது செவ்வந்தி.

"எங்க கூட்டத்துல அறுபது பேர். தேங்காய் இல்லாம ஒரு வேளை ஓடாது. ஓலை இல்லேன்னாலும் அந்தக் கடையிலதான் வாங்குவோம். பழம் பறிக்க வாராவாரம் இங்கே வர்றோம். எங்களுக்கு இது லாபம். நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்திருக்கீங்க?"

"இதுதான் முதல் தடவை..."

குரங்குக்கு மனசு கேட்கவில்லை. ஓர் ஓலையைக் கொடுத்துவிட்டது. கூழைக்கடா மறுபடி வந்தபோது அதை வாங்கிக்கொண்டு செவ்வந்தியைக் கரையில் இறக்கிவிட்டது.

கொட்டும் மழையில் செவ்வந்தி வளைக்குள் ஓடியது. கிழங்கு அடுக்கியிருந்த மூலையை எட்டிப் பார்த்தது. இரண்டே கிழங்குகள்! மூன்று குட்டிகளும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. மற்ற கிழங்குகளை எல்லாம் தன் கையாலேயே எடுத்துப் போய்க் கொடுத்ததை அதனால் நம்பவே முடியவில்லை.

வாசல் புல் மழையில் அழுகிப்போக, அந்த மழைக்காலம் முழுவதும் கிழங்கு தேடி நனைந்த மண்ணைத் தோண்டித் தோண்டிச் செவ்வந்திக்கு நகம் தேய்ந்தது.

பரிசு பெரிதா என்று பார்ப்பதற்கு முன், அது நம் வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.