பெயர் ஏறாத கண்டன ஓலை

இந்தக் கதையைச் சொல்பவனுக்கே பல வருஷமாக இதில் சந்தேகம். பழைய ஓலைகளைப் படியெடுக்கும் குழந்தைவேலர் சொன்னது என்பதால் ஒதுக்கவும் மனம் வரவில்லை.

வெண்ணாவல் நாட்டு ராஜா வீரகேசரிக்கு அயல்நாட்டுக் குடிகள்மேல் அப்படியொரு பாசம். எவன் குடிகளை வதைத்தாலும் உடனே ஓலை பறக்கும். நமக்குக் குதிரை அனுப்புகிறவன் ஊரையே கொளுத்தினால் 'கவலை'. அனுப்பாதவன் ஒருவனை அறைந்தாலே 'கண்டனம்'.

அந்த வருஷம் மேலைக்கரை ராஜா தன் துறைமுகத்தைத் தர மறுத்தான்.

"அவன் குடிகள் படும் பாட்டை எழுதும். கேட்டவன் அழணும்" என்றார் ராஜா, ஓலை எழுதும் மாசிலாமணியிடம்.

"அங்கே என்ன பாடு என்று யாருக்கும் தெரியாதே, மகாராஜா?"

"தெரிந்ததை எழுத நீர் எதற்கு? நாளைச் சபையில் வாசிக்காவிட்டால் உமக்குச் சிறைதான்."

சிறையைப் பற்றி மாசிலாமணிக்கு நன்றாகவே தெரியும். உப்புவரியைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்த நாற்பத்தொரு பேர் ஏழு மாதமாக உள்ளே. அதில் ஒருவன் அவர் மைத்துனன். அவனுக்காக வாய் திறக்க அவருக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

அயல்நாட்டு ஓலையில், அது எந்த ராஜாவுக்கு என்ற பெயர் கடைசியில்தான் ஏறும். சபையில் ஒற்றர் இருக்கலாமே! வாசித்து, முத்திரை வைத்த பிறகே பெயர். மறுநாள் மாசிலாமணி வாசித்தார்.

"மனுக் கொடுத்ததே குற்றமா? ஏழு மாதமாக விசாரணை இல்லை. பெண்டுகள் கொண்டுவரும் சோற்றைக் காவலர்கள் தின்கிறார்கள். ஒருவனுக்குப் பிள்ளை பிறந்ததுகூட இன்னும் தெரியாது..."

மந்திரி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். ராஜா துள்ளி எழுந்தார்.

"அவனெல்லாம் ஒரு ராஜாவா! சேர்த்து எழுதும், மூன்று நாளில் எல்லாரையும் விடாவிட்டால் நம் படை வரும்!"

எழுதியாயிற்று. முத்திரையும் விழுந்தது.

"ம், பெயரைப் போடும்."

மாசிலாமணி எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"தெரியாததை எழுத வரவில்லை, மகாராஜா. தெரிந்ததைத்தான் எழுதினேன். இவர்கள் எல்லாரும் நம் தெற்குச் சிறையில் இருக்கிறார்கள். ஒன்றுதான் விளங்கவில்லை. நம்மை அடிக்க நம் படை எந்த வாசல் வழியாக வரும்?"

ராஜா முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார்.

குழந்தைவேலர் எப்போதும் இந்த இடத்தில்தான் நிறுத்துவார், தானே பரிசு வாங்கியதுபோல முகம் மலர. போன மாதம்தான் அவரிடம் கேட்க முடிந்தது:

"சிரித்தார், சரி. அந்த நாற்பத்தொரு பேரை விட்டாரா, ஐயா?"