மூணு பாட்டில் கூடுது

புளியங்குறிச்சி மருந்துக் கடையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: இசக்கியப்பன், மாசானம், கொம்பையா. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். அவர்களை வேலைக்கு வைத்த அண்ணாச்சியைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அண்ணாச்சி கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். பாட்டிலை மெஷினில் காட்டிப் பில் போட்டால் திரையில் இருப்பு குறையும். அப்படிக் குறைவது மொத்த வியாபாரியின் கிடங்குக்குத் தானாகத் தெரியும், சரக்கும் தானாகப் புறப்பட்டு வரும். யாரும் யோசிக்கவே வேண்டாம் என்றதும் மூவருக்கும் மெஷின் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒருநாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய அண்ணாச்சி, "ஏலே இசக்கி, நான் வாரப்ப திரையில இருக்கதும் ரேக்குல இருக்கதும் ஒண்ணா இருக்கணும். இருந்தா, நாளையில இருந்து கல்லா நாற்காலி உனக்கு" என்றார்.

இசக்கிக்கு அந்த நாற்காலி அவசியம் வேண்டியிருந்தது. அவன் கட்டிக்க ஆசைப்பட்ட பெண்ணின் அப்பா, "நின்னுக்கிட்டே வேலை பாக்கவனுக்குப் பொண்ணு கிடையாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

உடனே எண்ண ஆரம்பித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, பேதி மருந்தைத் தவிர. திரையில் பன்னிரண்டு, ரேக்கில் பதினைந்து. பன்னிரண்டு வாங்கினால் மூன்று இலவசம் என்று கிடங்குக்காரன் கொடுத்ததை யாரும் மெஷினில் ஏற்றவில்லை.

"மூணு கூடுதே" என்றான் இசக்கி.

"வித்துருவோமா?" என்றான் மாசானம்.

"வித்தா பில் போடணும். பில் போட்டா திரையிலயும் குறையும்லா?"

"சாக்கடையில ஊத்திருவோம்."

"மருந்தைக் கொட்டினா பாவம்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் கொம்பையா. "ஆளுக்கு ஒண்ணு குடிச்சிருவோம்."

குடித்தார்கள். எலுமிச்சை வாசனை நன்றாக இருந்ததாக மாசானம் சொன்னான்.

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கொம்பையா நாணயஸ்தன். "கடைச் சரக்கைப் பில் போடாமக் குடிச்சா திருட்டுல்லா?" என்று மூன்று காலிப் பாட்டிலையும் மெஷினில் காட்டிவிட்டான். திரையில் ஒன்பது. ரேக்கில் பன்னிரண்டு.

"மூணு கூடுது" என்றான் இசக்கி.

மறுபடி குடித்தார்கள். கொம்பையா மறுபடி பில் போட்டான். கடைக்குப் பின்னால் இருந்தது ஒரே கக்கூஸ். அதனால் ஒருவன் உள்ளே, ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டு, ஒருவன் பில் போட்டுக்கொண்டு என்று முறை வைத்து மாறி மாறி வேலை பார்த்தார்கள். திரையில் சைபர் வந்தபோதும் ரேக்கில் மூன்று பாட்டில் குத்துக்கல்லாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. "உங்க ஊர்ல ஒருத்தருக்கும் வெளிய போகலையாமே! மெஷின் பதறிப்போய் நூறு பாட்டில் அனுப்பச் சொல்லிருச்சு" என்று டிரைவர் பரிதாபத்தோடு இறக்கி வைத்து, மெஷினிலும் ஏற்றிவிட்டுப் போனான். திரையில் நூறு. ரேக்கில் நூற்று மூன்று.

இசக்கி தரையில் உட்கார்ந்து அழுதே விட்டான். கல்யாணமும் போச்சு, உடம்பில் இருந்ததும் போச்சு.

அண்ணாச்சி வந்தார். சுருண்டு கிடந்த மூவரிடமும் நடந்ததைக் கேட்டார். ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"மடப்பயலுவளா! ஆளுக்கு ஒண்ணாக் குடிச்சா எப்படில கணக்கு நேராகும்? மூணையும் ஒரே ஆள் குடிக்கணும்" என்று சொல்லி, மடமடவென்று மூன்றையும் குடித்தார். நாணயத்தில் அவர் கொம்பையாவுக்கே முதலாளி, காலிப் பாட்டில்களைத் தன் கையாலேயே பில் போட்டார். "நாற்காலி உனக்குத்தாம்ல!" என்று இசக்கியைத் தூக்கி உட்கார வைத்தவர், சட்டென்று முகம் மாறி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கக்கூஸுக்குள் இருந்து குரல் வந்தது. "ஏலே இசக்கி! இப்ப சரியா இருக்கா?"

நாற்காலியில் இருந்தபடியே இசக்கி எட்டிப் பார்த்தான். திரையில் தொண்ணூற்று ஏழு. ரேக்கில் நூறு.

"இன்னும் மூணு கூடுது அண்ணாச்சி!"

"அப்ப மூடியத் திறந்து இங்கயே கொண்டு வாங்கலே!"