மணியடிக்க ஒரு ஒப்பந்தம்

முழியூரில் மூன்று பேர் ஒரு மென்பொருள் கம்பெனி வைத்திருந்தார்கள்: குழந்தைவேல், அருமைநாதன், பூங்கோதை. மூவரும் நன்றாகப் படிப்பார்கள். படித்ததை அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

பள்ளித் தலைமையாசிரியை சகுந்தலா, மாலை நாலு மணிக்குத் தானாக மணி அடிக்க ஒரு புரோகிராம் கேட்டிருந்தார். மணி அடிக்காமல் எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் விதி. வெளியூர்ப் பிள்ளைகளுக்கோ நாலேகாலுக்கு ஒரே ஒரு பஸ்தான்.

மூவரும் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் புத்தகத்தைத் திறந்தார்கள். "இன்டர்ஃபேஸ் என்பது ஓர் ஒப்பந்தம். என்ன வேலை என்று மட்டும் எழுது. எப்படிச் செய்வது என்று எழுதாதே. இதில் சேருகிறவன் எல்லா வேலையையும் செய்தாக வேண்டும்" என்று இருந்தது. பூங்கோதை 'அடி', 'நிறுத்து' என இரண்டு வேலைகளை எழுதினார்.

அடுத்த பக்கத்தில், சின்ன வேலைக்குப் புரோகிராமுக்குள்ளேயே 'டைப்' என்ற ஒரு வார்ப்பைப் பெயர் வைக்காமலே செய்துகொள்ளலாம் என்றிருந்தது. அருமைநாதன் அப்படி ஒன்றைச் செய்து ஒப்பந்தத்தில் சேர்த்தார். பெயரில்லாதது இதில் சேர முடியாது என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது.

"பாவம், கையெழுத்துப் போடத் தெரியாதுபோல" என்றார் குழந்தைவேல்.

"பேரே இல்லாதவன் என்னத்தைப் போடுவான்?" என்றார் பூங்கோதை.

"கைநாட்டு வைக்கலாமே."

"வைக்கலாம். கை எங்கே இருக்கு?"

கையைத் தேடித் தேடி மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது. "பேர் இருக்கிற ஆள் யாராவது சேர்ந்துடுங்கப்பா, பிள்ளைங்க பஸ்ஸை விட்டுடும்" என்றார் அருமைநாதன். குழந்தைவேல் தன் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டி, இரண்டு வேலையையும் செய்வதாக ஒப்புக்கொண்டார். சிவப்பு எழுத்து மறைந்தது. மூவரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்கள்.

நாலு மணி. குழந்தைவேல் ஸ்டூலில் ஏறி, வலது கையால் மணியை ஓங்கி அடித்தார். அதே நேரம் இடது கையால் மணியை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். 'டப்' என்றது. முன்வரிசைப் பிள்ளைக்குக்கூடக் கேட்கவில்லை.

"என்னங்க இது, சத்தமே வரலையே?" என்றார் சகுந்தலா.

"சத்தம் ஒப்பந்தத்துல இல்லீங்கம்மா" என்றார் பூங்கோதை.

"அந்த இடது கையை எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தா ஒரு வேலை குறையும்மா. ஒப்பந்தம் முறிஞ்சிடும்."

மணி நாலு பத்து. தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மூவரும் கூடிப் பேசி, 'சத்தம் போடு' என்று மூன்றாவது வேலையை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். குழந்தைவேலுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. அவர் வாயைத் திறந்து, "டாங்! டாங்! டாங்!" என்று கத்தினார். பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்து பஸ்ஸைப் பிடித்தார்கள்.

சகுந்தலா மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். "எல்லாத்தையும் இவரே செய்யறாரே, இது எதுக்கு?"

"அதுலதானேம்மா அவர் பேர் இருக்கு" என்றார் அருமைநாதன். "அதை அணைச்சுட்டா, கத்தறது யாருன்னே தெரியாது."