தள்ளிப் போட்ட வேலி

ரிட்டயர்டு தாசில்தார் ஏகாம்பரம் தன் மனைக்குக் கம்பி வேலி போட வெல்டர் பிச்சாண்டியைக் கூப்பிட்டார். பக்கத்து மனை நர்ஸ் ஜெசிந்தாவுடையது. ஏகாம்பரம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, காதோடு காதாக, "ரெண்டடி தள்ளிப் போடு. மாட்டேன்னா இந்த ஊர்ல உனக்கு வேலையே கிடைக்காது" என்றார்.

"அதுக்கென்ன சார், தள்ளிப் போட்டுடலாம்" என்றான் பிச்சாண்டி.

பத்து நாள் அவன் தலையே தெரியவில்லை. பதினோராம் நாள், தெருவே தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற நேரமாகப் பார்த்து வந்தான்.

"எங்கடா வேலி?" என்று கத்தினார் ஏகாம்பரம்.

"நீங்கதானே சார் தள்ளிப் போடச் சொன்னீங்க?"

"மடையா! வேலையையா தள்ளிப் போடச் சொன்னேன்? வேலியை அந்தம்மா மனைக்குள்ள ரெண்டடி தள்ளிப் போடச் சொன்னேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா குடத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது சார். இவங்களுக்கு இப்பதான் புரியுது" என்றான் பிச்சாண்டி. "கல்லை ஒட்டியே நட்டுடவா?"