இடமில்லை என்று சொன்ன வரிசை

தூத்துக்குடியில், மீன்பிடிப் படகுகளுக்கு அவசர சிக்னல் கருவி செய்யும் சிறிய கம்பெனி அது. அங்கே புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் மெர்சிலின், வயது முப்பத்தொன்று. கற்றுக்கொண்டவர் அருளப்பன். ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு ஐம்பத்து நான்கு வயதில் வந்து சேர்ந்தவர்.

சி மொழியில் அருளப்பன் எழுதிய லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பு, சின்னது. போகவேண்டிய செய்திகளை வரிசையில் நிறுத்தும், நினைவகத்தில் இடம் ஒதுக்கும், எழுத்துகளைக் கோக்கும். கருவியின் மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன்மேல்தான் நின்றன.

அன்று காலை கடலில் திடீர்க் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. கம்பெனியின் கருவி பொருத்திய, ஏழு பேர் போன படகு ஒன்றைக் காணவில்லை. அவசர சிக்னல் வராததால் யாரும் தேடப் புறப்படவில்லை.

அருளப்பனுக்கு மனது கேட்கவில்லை. அதே மாதிரிக் கருவி ஒன்றை மேசையில் வைத்து ஆன்டெனாவைக் கழற்றினார். வழக்கமான செய்திகள் போக வழியில்லாமல் தேங்கின. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ஆன்டெனாவை மாட்டினார். தேங்கியவை போயின. அவசர சிக்னல் மட்டும் போகவே இல்லை.

"வரிசை நிறைஞ்சிருச்சு மேடம். ஆனா என் லைப்ரரி சரியாத்தான் இருக்கு. இடமில்லைன்னு திருப்பிச் சொல்லிருக்கு. பொத்தானுக்குப் புரோகிராம் எழுதின நம்ம இளம்பரிதி அதைப் பாக்கவே இல்ல. இதுல தப்பு யாருது?"

போன் அடித்தது. காணாமல்போன படகோட்டியின் மனைவி. காலையிலிருந்து ஆறாவது முறை. மெர்சிலின் போனை அருளப்பனிடம் நீட்டினார்.

"உங்க லைப்ரரி சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஐயா, சிக்னல் ஏதும் வந்துச்சா?" என்றார் அந்தப் பெண்.

அருளப்பன் மேசைமேல் இருந்த கருவியைப் பார்த்தார்.

"ஐயா?"

"வரலம்மா. ஆனா எங்க கருவியை நம்பாதீங்க. அவங்க அழுத்தியிருந்தாலும் வந்திருக்காது. உடனே தேடச் சொல்லுங்க. யாராவது கேட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

பத்தே நிமிடத்தில் தேடும் படகுகள் கிளம்பின.

அருளப்பன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வரிசையில் அவசரச் செய்திக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கினார். லைப்ரரி திருப்பிச் சொல்வதைப் பார்க்காமல் விட்டால் புரோகிராம் பில்ட் ஆகவே, அதாவது கருவியில் ஓடும் வடிவத்துக்கு வரவே கூடாது என்றும் எழுதினார். பிறகு பில்ட் செய்தார்.

அப்படிப் பார்க்காமல் விட்ட நான்கு இடங்களில் பில்ட் நின்றது. ஒன்று இளம்பரிதி எழுதியது. மற்ற மூன்றும் அவரே எழுதியவை.

தான் எழுதிய மூன்றையும் முதலில் திருத்தத் தொடங்கினார்.

மாலை நான்கு மணிக்குச் செய்தி வந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்த ஏழு பேரையும் மீட்டுவிட்டார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது.

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"தப்பு யாருதுன்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலயே மேடம்."

"இதே கருவி இன்னும் நாற்பது படகுல இருக்கு. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எல்லாம் கடலுக்குப் போயிரும், அதுக்குள்ள புதுசை எல்லாத்துலயும் ஏத்தணும். பில்டை முடிங்க அண்ணாச்சி."