தலைவர் வேண்டாம்னு சொன்ன பேட்

தன் பேட் தனக்கே தெரியாம போயிருமான்னா கேக்குற? எங்க மாமியா தான் வச்ச ரசத்தையே பக்கத்து வீட்டு ரசம்னு நெனச்சு, "புளி ஜாஸ்தி"ன்னு மூஞ்சச் சுளிச்சவ. சரி, கதைக்கு வாரேன்.

வடிவு வேல மாத்தலாகி கோவில்பட்டிக்குத் தனியா வந்தவ. ஷட்டில் சுமாரா ஆடுவா. அங்க கிளப்புல தலைவர் ஒலகநாதன் வச்சதுதான் சட்டம். "நான் சரின்னு சொல்ற பேட்டோட வா, அப்பத்தான் ஜோடி சேப்போம்"னுட்டாரு. அவ கடையில இரவல் வாங்கி ஒவ்வொண்ணா கொண்டாந்தா. ஒண்ணு தல கனம்னாரு, இன்னொண்ணு ரொம்ப லேசுன்னாரு. பாவம், சாயங்காலமெல்லாம் சுவத்தோடயே ஆடுனா. சுவரு அடிச்சதத் திருப்பித் தரும், பேசாதுல்லா?

ஒருநா எல்லாரும் இருக்கயில, "சார், கண்ண மூடிக்கிட்டே பேட்ட எட போட்டுருவீகளாமே?"ன்னா.

"பின்ன? குடு!"ன்னு கண்ண இறுக்கி மூடினாரு. வீசிப் பாத்துட்டு, "தூ! இது கொசு அடிக்கத்தான் ஆகும்"னாரு.

"கண்ணத் தொறங்க சார். பெஞ்சுல நீங்க வச்சிருந்த ஒங்க பேட்டுதான்."

கிளப்பே சிரிச்சுது. மொதல்ல அவரு தள்ளிவிட்ட, அவ கைக்குத் தோதான பேட்டோட அன்னைக்கே ஜோடி சேந்தா. மறுநா பாத்தா, அவரு வெக்கப்பட்டு யாரோடயும் சேராம, தனியா சுவத்தோட ஆடிக்கிட்டு நிக்காரு. "வாங்க சார், ஒரு கேம் ஆடுவோம்"னு வடிவுதான் கூப்பிட்டா. சுவத்தோட ஆடுனவளுக்குத்தான அது தெரியும்?

ஏட்டி பொன்னு, தூறல் போடுது! முத்தத்துல கெடக்குற ரெண்டு பேட்டயும் உள்ள கொண்டா!